பிழையே விடாத அரசும் பின்வாசல் ஊழலும்: டிஸ்டோபியா நாவல் எழுதுவோரிடம் ஒரு கேள்வி

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். எதிர்காலக் கொழும்பைக் களமாகக் கொண்டு டிஸ்டோபியா நாவல் ஒன்றை, அதாவது கொடுங்கோல் ஆட்சி நிலவும் கற்பனை உலகைப் பற்றிய நாவலை, எழுதி வருகிறேன். அரசு எல்லோரையும் கண்காணிக்கிறது, கேள்வி கேட்பவர்கள் காணாமல் ஆக்கப்படுகிறார்கள் என்பது வரை எழுதிவிட்டேன். ஆனால் திரும்ப வாசிக்கையில் அந்த அரசு பிழையே விடாத இயந்திரம் போலத் தெரிகிறது. நான் கண்ட அதிகாரம் அப்படிப்பட்டதல்ல. 2022இல் சமையல் எரிவாயுவுக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றபோது, சிலிண்டர்கள் பின்வாசலால் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிதமிஞ்சிய அதிகாரத்தையும் இந்தச் சில்லறை ஊழலையும் ஒரே கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
சகோதரி, அந்தப் பின்வாசலிலேயே கதையைத் தொடங்குங்கள். ஜோர்ஜ் ஓர்வெல் 1945இல் வெளியிட்ட, விலங்குகள் புரட்சி செய்து பண்ணையைக் கைப்பற்றும் ‘விலங்குப் பண்ணை’ நாவலில் பன்றிகளின் ஆட்சி படுகொலையோடு தொடங்கவில்லை, புரட்சி நடந்த உடனேயே ஐந்து வாளிப் பால் காணாமற்போவதோடுதான் தொடங்குகிறது. அதன்பிறகு ஆப்பிள் பழங்கள் போகின்றன, கடைசியில் சட்டமே போகிறது. ஒருநாள் நள்ளிரவில் ஏணி உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் விளக்கும் தூரிகையும் கவிழ்ந்த வெள்ளை வர்ணமுமாக, ஆட்சிக்காகப் பேசும் பன்றியான ஸ்குவீலர் விழுந்து கிடக்கிறது. சுவரில் எழுதியிருந்த கட்டளைகளைத் திருத்த வந்த இடத்தில்தான் அது விழுந்தது என்பது கழுதைக்கு மட்டும் விளங்குகிறது, ஆனால் அது ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வரிசையில் நின்றவர்களின் மௌனமும் அதுதான். ஊழலைக் கண்டும் பேசாதிருக்கப் பழகிய மக்களிடம்தான் அதிகாரம் எல்லை மீறுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
பிள்ளை, காகிதத்தை மறந்துவிடாதீர்கள். நம் நாட்டில் 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீடித்தார்கள். வாக்குச்சீட்டில் ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை. தேர்தல் ஒன்றை இல்லாமலாக்கும் கேள்வி அவ்வளவு சாதாரணமாக, இரண்டு சின்னங்களுக்குள் அடங்கி வந்தது. உங்கள் நாவலிலும் கதவை உடைக்கும் காட்சிக்கு முன்னர் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வரட்டும்.

கொழும்புப் பல்கலைக்கழக மாணவன்:
ஐயா இருவரும் சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. ஓர்வெல்லின் ‘1984’ நாவலில் ஆளும் கட்சியின் உயர்மட்டத்தைச் சேர்ந்த ஓ’பிரையன், கட்சிக்கு வேண்டியது செல்வமோ சொகுசோ அல்ல, அதிகாரத்துக்காகவே அதிகாரம் என்கிறான். அப்படியானால் ஊழல் அங்கே தேவையற்றதல்லவா?

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
தம்பி, அதே நாவலில் கதாநாயகனின் காதலி ஜூலியாவின் பையைத் திறந்து பாருங்கள். உண்மையான சீனி, வெள்ளைப் பாண், ஜாம், கோப்பி என உள்வட்டக் கட்சியினருக்கு மட்டுமே கிடைப்பவை அதற்குள் இருக்கின்றன. ஓ’பிரையன் சொல்வது கொள்கை. அந்தக் கோப்பியின் மணம் நடைமுறை. இரண்டையும் சேர்த்து எழுதியதால்தான் அந்த அரசை நாம் நம்புகிறோம்.

வெள்ளவத்தை வாசகி:
மிக்க நன்றி. முதல் அத்தியாயத்தை மாற்றி எழுதப்போகிறேன். கண்காணிப்புக் கோபுரம் பின்னால் வரட்டும். முதலில் ஒரு வரிசை, ஒரு பின்வாசல், அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் ஒரு பெண்.