புதிதாகவே கிடைக்கும்போது பழைய ரிமோட் காரை ஏன் விட மனம் வரவில்லை?

பரண்வாசி:
மாமா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த அட்டைப் பெட்டியில் இரண்டு கார்கள். ஒன்று 1984இல் வந்த தாமியா கிராஸ்ஹாப்பர் ரிமோட் கார். இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும் டிங்கி உலோகக் கார். பெயின்ட் பாதி போய்விட்டது. ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. "இதே காரை 2005இல் மறுபடியும் வெளியிட்டார்களே, புதிதாக ஒன்று வாங்கித் தொலையேன்" என்கிறான் தம்பி. நியாயம்தான். ஆனாலும் இரண்டு நாளாக மேசையைவிட்டு எழவில்லை. நீங்கள் எதைப் பார்த்து இந்தப் பழைய பொம்மைக் கார்ப் பித்தில் விழுந்தீர்கள்? டிங்கிக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

உரசுகோல்:
அடிக்காதீர்கள்! கூரை விளிம்பிலும் மூக்கிலும்தானே அதிகம் உதிர்ந்திருக்கிறது? ஒரு பிள்ளை அங்கேதான் விரலை வைத்துத் தள்ளியிருக்கும், அந்த மூக்கால்தான் சுவரில் மோதியிருக்கும். அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் துத்தநாகக் கட்டி.

நான் விழுந்தது கிராஸ்ஹாப்பரின் வயிற்றைத் திறந்து பார்த்த அன்று. வேகத்தைக் கட்டுப்படுத்த மின்னணுப் பலகை எதுவும் இல்லை. சர்வோ, அதாவது ரிமோட் சொல்கிறபடி திரும்பும் சின்ன மோட்டார், ஒரு சிறு கையைத் தள்ளுகிறது. அது உலோகத் தகடுகளின்மேல் உரசியபடி நகர்கிறது. மெதுவாக ஓட்டினால், மோட்டாருக்குப் போகாத மின்சாரம் மின்தடையில் சூடாகத் தீர்ந்துவிடும். ஓட்டி முடித்ததும் அதைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் கை தூக்குங்கள் (என் கைதான் முதலில்). வீண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதே! இப்போதைய கார் நின்றுபோனால் கறுப்புப் பெட்டி ஒன்றை மாற்றுகிறோம். இது நின்றுபோனால் தகட்டை உப்புத்தாளால் தேய்க்கிறோம், ஓடுகிறது.

வெள்ளைப் பொடிக்குப் பஞ்சில் சில துளி வினிகர் போதும். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உள்ளது, நுரைத்து அடங்கும். பிறகு நன்றாக உலரவிடுங்கள். கிரிஸ்டலை (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சின்னச் செருகு துண்டு) தொலைத்துவிடாதீர்கள், ரிமோட்டிலும் காரிலும் ஒரே சேனலின் ஜோடி இருந்தால்தான் பேசிக்கொள்ளும்.

வேகப்பிரியன்:
எனக்கு இந்த உணர்ச்சியெல்லாம் கிடையாது. உருட்டினால் ஓட வேண்டும், அவ்வளவுதான். 1968இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் மெல்லிய அச்சோடு வந்து அப்படிப் பறந்ததால்தான், மறு ஆண்டே போட்டி நிறுவனமான மேட்ச்பாக்ஸ் தன் சக்கரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

மெல்லவிரிசல்:
டிங்கி இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதா என்று பாருங்கள். அக்கால வார்ப்பில் துத்தநாகத்தோடு ஈயம் கலந்துவிட்டிருந்தால், உலோகம் உள்ளிருந்தே வீங்கி மயிரிழை மயிரிழையாக விரியும். மருந்து கிடையாது, ஈரமும் வெக்கையும் படாமல் வைத்தால் நாளைத் தள்ளிப்போடலாம். என் லாரி ஒன்று அலமாரியில் நின்றபடியே இரண்டாகிவிட்டது. யாரும் தொடக்கூட இல்லை.

பரண்வாசி:
அனைவருக்கும் நன்றி. டிங்கியை உருப்பெருக்கியால் பார்த்தேன், விரிசல் இல்லை. பெயின்ட் அடிக்கப்போவதில்லை. வினிகர் வேலை செய்துவிட்டது. ரிமோட்டின் சிவப்பு விளக்கு எரிகிறது. இப்போது முன்சக்கரம் இடப்பக்கம் மட்டும் திரும்புகிறது, வலப்பக்கம் திருப்பினால் 'கிர்ர்' என்று நடுங்கி நின்றுவிடுகிறது. சர்வோவின் பல்சக்கரமா, உரசுகோல்? தம்பியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், திருப்புளியோடு.