இரண்டு முறை வராவிட்டால் நோயாளியை நிறுத்திவிடலாமா?

சேர்நேரம்:
நேரம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை வராத ஒருவரை, இனி பார்ப்பதில்லை என்று பல் மருத்துவர் சொல்லலாமா? சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பொது மருத்துவரிடம் ஒருவர் வராவிட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் (வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) என்றால் 60 முதல் 90 நிமிடம் ஒரே ஆளுக்கு ஒதுக்குகிறோம். அந்த நேரத்தைக் கேட்டு வலியோடு போன் செய்தவரை நாளை மறுநாள் வரச் சொல்லியிருப்போம். கன்னம் வீங்கி அவர் வீட்டில் கிடக்கிறார், இங்கே சேர் காலியாக இருக்கிறது. இதை எத்தனை முறை பொறுப்பது?

கடைவாய்ப்பல்:
சேர்நேரம் சார், இரண்டா மூன்றா என்று எண்ணத் தொடங்கியதே தவறு என்பேன். பல் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வருகிறவர் தவறவிட்டால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள், அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

ரூட் கெனால் பாதியில் நிற்கிறவரை அப்படி விட முடியாது. நரம்பை எடுத்து, வேர்க்குழாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பியிருக்கிறோம். அந்த மருந்துக்கு ஒன்று முதல் நான்கு வாரம்தான் கணக்கு. மேல் அடைப்பு 3.5 மில்லிமீட்டராவது கனமாக இருந்தால்தான் எச்சில் புகாது. மென்று மென்று அது தேயும், ஓரத்தில் முடி நுழையும் அளவு இடைவெளி விழும். அதன் வழியாகக் கிருமி இறங்கிவிட்டால் செய்த சுத்தம் அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நரம்பு போன பல்லில் வலி அடங்கியிருக்கும். குணமாகிவிட்டது என்று நம்பித்தான் பலர் வராமல் இருக்கிறார்கள். அதற்குள் ஏதாவது கெட்டியாகக் கடித்து, விரிசல் வேர்வரை ஓடிவிட்டால் பல்லைப் பிடுங்குவதுதான் வழி.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையில் 2.எஃப் பிரிவு இதைத்தான் பேசுகிறது. சிகிச்சையைத் தொடங்கிவிட்டால், போதிய முன்னறிவிப்பும் வேறு மருத்துவரைத் தேடிக்கொள்ளும் வாய்ப்பும் தராமல் நிறுத்தக் கூடாது, வாயின் ஆரோக்கியம் இதனால் கெடக் கூடாது என்கிறது. நிறுத்தவே கூடாது என்று அதில் இல்லை. நிறுத்தும் முறையைத்தான் கட்டுப்படுத்துகிறது.

சேர்நேரம்:
அந்தப் பிரிவை நானும் மறுக்கவில்லை. ஆனால் பாதி சிகிச்சையில் இருப்பவர்தானே அதிகம் கவனமாக வர வேண்டும்? மேலே மாட்டும் கேப்புக்காகப் பல்லைச் செதுக்கி அளவெடுத்து அனுப்பியாயிற்று, லேபில் கேப் தயாராகிவிட்டது. மூன்று மாதம் கழித்து வந்து போடச் சொல்கிறார். இடையில் தற்காலிகக் கேப்பின் சிமென்ட் கரைந்து அது கழன்று விழுந்திருக்கும். பக்கத்துப் பல் சாய்ந்திருக்கும், எதிர்ப் பல் கொஞ்சம் இறங்கியிருக்கும். கேப் உட்காராது. மறுபடி அளவு, மறுபடி லேப் கூலி. அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் வரும் நோயாளியிடம், வராத நேரத்துக்கென்று கட்டணம் வாங்க முடியாது. ஆனால் அந்தச் சிகிச்சையை அத்தோடு முடித்துவிட மருத்துவருக்கு இடமுண்டு, மீண்டும் தொடங்கினால் நோயாளி புதிதாகக் கட்டணம் கட்ட நேரலாம். நியாயமான ஏற்பாடு அது.

முன்மேசை:
டாக்டர்கள் ரெண்டு பேரும் சேருக்குப் பக்கத்துல நின்னே பேசுறீங்க. ரிசப்ஷன்ல இருந்து பார்த்தா வேற மாதிரி தெரியும்.

முதல்ல ஏட்டுல என்ன எழுதுறோம்னு பாருங்க. வரவே இல்லாதவர், இருபது நிமிஷம் லேட்டா வந்தவர், அன்னைக்குக் காலையில போன் பண்ணி வேண்டாம்னு சொன்னவர், மூணு பேருக்கும் ஒரே குறி போட்டுட்டு ‘மூணு தடவை வரலை’ன்னு சொன்னா அது பொய்க்கணக்கு. வரலைன்னா நேரம் தாண்டி 10 நிமிஷத்துல கூப்பிடணும். எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எடுத்தாங்களா இல்லையா, எல்லாத்தையும் அங்கேயே எழுதணும். நம்பர் மாறிப்போன ஆளுக்கு நாலு மெசேஜ் அனுப்பிட்டு அவரைக் குத்தம் சொல்ற இடமும் இருக்கு.

48 மணி நேரம் முன்னாடி மெசேஜ் போகணும். அதுல ‘வருகிறேன்’னு பதில் கேக்கணும். பதில் வரலைன்னா முந்தின நாள் மதியத்துக்குள்ள ஒரு போன். அப்பவும் கிடைக்கலைன்னா, திடீர்னு கூப்பிட்டா வரத் தயாரா இருக்கிறவங்க பட்டியல்னு ஒண்ணு வெச்சிருக்கணும், அதுல இருந்து ஆளைக் கூப்பிடலாம். கருவி பாக்கெட்டை நோயாளி சேர்ல உட்கார்ந்த பிறகுதான் பிரிக்கணும். முன்கூட்டியே பிரிச்சு அடுக்கிட்டு ஆள் வரலைன்னா அத்தனையும் திரும்ப ஆட்டோகிளேவ்ல, அதாவது நீராவியில கிருமி நீக்குற மெஷின்ல, போடணும்.

இன்னொண்ணு, பயம். ஊசின்னா நடுங்குறவங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவாங்க. மதியம் மூணு மணிக்கு நேரம் கொடுத்தா காலையில இருந்து அந்தப் பயத்தை வளர்த்துக்கிட்டே இருப்பாங்க. நாளோட முதல் நேரத்தைக் கொடுங்க. முதல் தடவை வெறும் எக்ஸ்ரேயும் பேச்சும் போதும், 20 நிமிஷம். ‘ஏன் வரலை?’ன்னு அதட்டாம, ‘எந்த நேரம் உங்களுக்குத் தோதா இருக்கும்?’னு கேட்டாலே விஷயம் வெளிய வரும். ஷிப்ட் வேலை, வீட்டுல படுத்திருக்கிற பெரியவங்க, கைக்குழந்தை. இதெல்லாம் செஞ்சும் வராதவரைப் பத்தி அப்புறம் பேசலாம்.

சேர்நேரம்:
முன்மேசை சொன்ன நினைவூட்டல் முறை சரி, ஏற்கிறேன். ஆனால் இதையெல்லாம் செய்தும் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு பேரை ஒரே நேரத்தில் போடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. ரூட் கெனாலில் அது ஆபத்து. இரண்டு பேருமே வந்துவிட்டால் ஒருவருக்கு மரத்துப்போன தாடையோடு காத்திருப்பு, இன்னொருவருக்கு அவசர வேலை. ஒழுங்காக வந்தவரைத் தண்டிப்பதற்கு, வராதவரை நிறுத்துவதே மேல்.

கடைவாய்ப்பல்:
அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். சரி, நிறுத்துங்கள். ஆனால் எப்படி? ‘இனி வரவேண்டாம்’ என்று போனில் சொல்லி வைத்துவிட்டால் அது கைவிடுவதுதான். எழுத்தில் கடிதம் போக வேண்டும், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இருக்க வேண்டும். வழக்கமாக 30 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள் வலி, வீக்கம், ரத்தக்கசிவு என்று வந்தால் பார்த்தே ஆக வேண்டும்.

கடிதத்தில் திட்டு வேண்டாம், பல்லின் நிலை வேண்டும். ‘சிகிச்சை முழுமையடையவில்லை’ என்று மட்டும் எழுதினால் அடுத்த மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. ‘36-ம் எண் பல் (கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்), மூன்று வேர்க்குழாய்கள், ஒவ்வொன்றின் நீளம் இத்தனை மில்லிமீட்டர், எந்தப் புள்ளியிலிருந்து அளந்தது, எந்த அளவு ஃபைல் (வேர்க்குழாயைச் சுரண்டும் ஊசிக் கருவி) வரை பெரிதாக்கியது, மருந்து வைத்த தேதி, உள்ளே கருவி ஏதும் உடையவில்லை’ என்று எழுதுங்கள். முடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் நோயாளிக்குப் புரியும் சொல்லில் எழுதுங்கள். எக்ஸ்ரேயைத் திரையிலிருந்து போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். மூலக் கோப்பையே கொடுங்கள். பாக்கி இருக்கிறது என்று அதைப் பிடித்து வைப்பது தவறு. முன்பணம் வாங்கியிருந்தால் செய்த வேலைக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்புங்கள்.

கம்பிவேலை:
பல்லை வரிசைப்படுத்தக் கிளிப் போட்டவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கேதான் சிக்கலே. 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியவர் ஆறு மாதம் காணவில்லை என்றால் பல் அப்படியே காத்திருக்காது. பற்களை இழுத்துச் சேர்க்கும் ரப்பர் சங்கிலி முதல் நாளிலேயே பாதி இழுவையை இழந்துவிடும், ஆனால் பற்களை விலக்கும் நிக்கல் டைட்டானியம் சுருள்கம்பி தள்ளிக்கொண்டே இருக்கும். சரியாகத் துலக்காதவருக்கு, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டைச் சுற்றி நான்கே வாரத்தில் வெள்ளைத் திட்டு விழலாம், அது சொத்தையின் தொடக்கம். இவரை நிறுத்துகிறேன் என்றால் வாயில் இருக்கும் கம்பியை யார் கழற்றுவது? வேறு மருத்துவருக்கு அனுப்பினால் பிராக்கெட்டில் கம்பி உட்காரும் காடி 0.018 அங்குலமா 0.022 அங்குலமா என்று எழுதாவிட்டால் அவரிடம் இருக்கும் கம்பி பொருந்தாது.

நிறுத்துவதற்கு முன் கழற்றித் தருகிறேன் என்று ஒரு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். கழற்றியதும் பல்லை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ரீடெய்னரும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகர்ந்த பல் திரும்பிப் போகும்.

சேர்நேரம்:
அந்த நேரத்துக்கும் அவர் வரவில்லை என்றால்?

கம்பிவேலை:
30 நாள் முடிந்த பிறகும், கம்பியைக் கழற்ற மட்டும் வந்தால் கழற்றிவிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ஒட்டியது நாம்.

சேர்நேரம்:
காலவரையறை இல்லாமலா? அதை ஏற்க முடியாது. ஆறு மாதம் என்று போடுவேன்.