நாயனம் (நாதஸ்வரம்), தவில் என்று நம்ம வாத்தியத்தைப் பற்றிப் பேச வந்தவர்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஓர் உரையைச் சொல்லுங்கள்

பதிவு (நாயனம் படிப்பவர், கும்பகோணம் பக்கம்)
எங்கள் கல்லூரிக்குச் செயல்முறை விளக்கம் தர ஒரு வித்வான் வந்திருந்தார். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம் (நீளமானது, சுருதி தாழ்ந்தது) செய்தது, திமிரி (குட்டையானது, சுருதி உயர்ந்தது) பின்னுக்குப் போனது எல்லாம் சொன்னார். அது நமக்குத் தெரிந்த கதைதான். நடுவில் தோடி ராகம் எடுத்தார். நான் முன்வரிசை, கண் அவர் விரலிலேயே இருந்தது. காந்தார ஸ்வரத்தில் வந்து நின்றவர் விரலை அசைக்கவே இல்லை. ஸ்வரம் மட்டும் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது. உதடும் மூச்சும் செய்த வேலை அது. முடிந்ததும் ஓடிப்போய், "ஐயா, அந்தக் காந்தாரம் எப்படி?" என்று கேட்டேன். "பாடுவியா தம்பி? முதல்ல பாடிட்டு வா" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுமொழி (தவில்காரர்)
எனக்கு ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த உரை. தவில் பெரியவர் பேசியதைவிட அவர் விரலில் கூடு மாட்டியதுதான் நினைவில் நிற்கிறது. துணியும் மாவுப் பசையும் சேர்த்துச் செய்த கூடு. ஒவ்வொரு விரலாக மாட்டி, தட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடியும் மாட்டினார். மொத்தக் கூட்டமும் காத்திருந்தது, அவர் அவசரப்படவே இல்லை. அப்புறம் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் ஒரே ஒரு சொல் விழுந்தது. மணி மாதிரி. நான் இன்றைக்கும் கூடு மாட்டும்போது யாரிடமும் பேசுவதில்லை.

மறுமொழி
கும்பகோணம் தம்பி, விரல் அசையவில்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். துளையின் ஓரத்தில் விரல் லேசாக உருண்டிருக்கும், முன்வரிசைக்குக்கூடத் தெரியாது. நானும் ஓர் உரை கேட்டிருக்கிறேன், அதில் சீவாளி (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) பற்றி மட்டுமே பேசினார், அருமையான பேச்சு. சரி, அது இருக்கட்டும். உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். புதுச் சீவாளியை எடுத்த உடனே கச்சேரிக்குக் கொண்டுபோகாதீர்கள், வீட்டில் வாசித்துப் பழக்குங்கள். நாணல் பதத்துக்கு வரவேண்டும். சீவாளியின் வாய் ரொம்ப விரிந்திருந்தால் மூச்சு வீணாகும், ரொம்ப ஒட்டியிருந்தால் அடைக்கும். நாலைந்து சீவாளி எப்போதும் நாயனத்தில் கட்டித் தொங்கட்டும், சீவாளியைச் சரிசெய்யும் குச்சியும் கூடவே இருக்கட்டும். காலையில் கீழ் ஸ்தாயியில் நீளமாக ஊதுங்கள், மேல் ஸ்தாயிக்கு அவசரப்படாதீர்கள். அணசு (நாயனத்தின் விரிந்த அடிப்பக்கம்) தரையைப் பார்க்கத் தொங்கவிடாமல் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். நாயனம் கடையும் ஆச்சா மரம் பழசாக இருந்தால் நாதம் தனி. பழைய வீட்டு உத்தரத்தில் கடைந்த நாயனம் கிடைத்தால் விடாதீர்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், அங்கே வாங்கப்போகிறவர்கள் எல்லாம் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள், நாதத்தை யாரும் கேட்பதில்லை.

மறுமொழி (மதுரைப் பக்கம்)
மேலே பேசியவருக்கு: தம்பி சீவாளி பற்றிக் கேட்கவே இல்லையே, அண்ணா. அவர் பார்த்ததைப் பார்த்தேன் என்கிறார், நம்பலாமே.
எங்கள் பள்ளிக்கு நாயனம் வாசிக்கும் அம்மா ஒருவர் வந்தார். மதுரை பொன்னுத்தாய் பற்றிச் சொன்னார்; பெண்கள் நாயனம் தொடாத காலத்தில் மேடை ஏறியவர் என்று. அப்புறம், "யாருக்கு ஊதணும்?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. நான் எழுந்தேன். என் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, அணசு பக்கம் கீழே இழுத்தது. ஊதினேன், காற்றுதான் வந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் தாடையைப் பிடித்து, உதட்டை உள்ளே மடிக்கச் சொல்லி, "இப்ப" என்றார். ஷட்ஜம் வந்தது. நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.

மறுமொழி (முதலில் எழுதியவர்)
அக்கா, அந்த ஷட்ஜத்துக்கு அப்புறம் எங்கே படித்தீர்கள்? அண்ணா, உருட்டல் இருந்திருக்கலாம், அடுத்த முறை பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். இப்போதைக்குப் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், இன்னும் மாயாமாளவகௌளை ராகத்து ஆரம்ப வரிசைதான்.