ராமோஸ் – கொம்பேயன் வழக்கு: அந்த 10 ஆண்டு எப்படி வந்தது?

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது கைகொடுங்கள். சனிக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த வழக்கைப் பற்றி நான் பேச வேண்டும். ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2005 பிப்ரவரி 17, டெக்சஸில் ஃபேபன்ஸ் அருகே. கஞ்சா வேனை விட்டுவிட்டு மெக்சிகோ பக்கம் ஓடியவரை எல்லைக் காவலர்கள் இக்னாசியோ ராமோஸும் ஹோசே கொம்பேயனும் சுட்டார்கள். குண்டு புட்டத்தில் பாய்ந்தது, ஆள் தப்பிவிட்டார். வேனில் 700 பவுண்டுக்கு மேல் சரக்கு. சுட்டதை இருவரும் முறைப்படி தெரிவிக்கவில்லை. கொம்பேயன் தோட்டா உறைகளையும் பொறுக்கினார் (ஆதரவாளர்கள் இதை மட்டும் லேசாகத் தாண்டிவிடுகிறார்கள்). 2006இல் ராமோஸுக்கு 11 ஆண்டு, கொம்பேயனுக்கு 12. கடத்தியவருக்கோ சாட்சி சொன்னதற்காக வழக்கிலிருந்து விலக்கு! மக்கள் கொதித்தது இதில்தான். 2009 ஜனவரியில் அதிபர் புஷ் தண்டனையைக் குறைத்தார்.

2008 மேல்முறையீட்டுத் தீர்ப்பை இரண்டு முறை படித்துவிட்டேன். அரசு வழக்கறிஞர் ஜானி சட்டன் தந்த விளக்கத்தையும் பார்த்தேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டால், "அமெரிக்கச் சட்டம் நமக்கெதுக்கு தம்பி" என்று முடித்துவிட்டார். தண்டனையில் 10 ஆண்டு அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 924(சி) பிரிவால் வந்தது என்பது வரை புரிகிறது: வன்முறைக் குற்றத்தின்போது சுட்டால் குறைந்தது 10, நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. ஆனால் இவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்ததே அரசுதானே?

பணியில் இருந்த காவலர் மீது, அரசு கொடுத்த துப்பாக்கிக்காக இதே பிரிவைப் போட்ட முந்தைய வழக்கு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?