பாட்டியோட ஈஸ்டர் தையல், பின்னல் வேலை: அவங்க கை வலிக்காம எப்படித் தொடர்றது?

ஊதா நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

எங்க வீட்ல கிறிஸ்மஸுக்கு எல்லாமே கடைல வாங்குறதுதான், ஆனா ஈஸ்டர்னா பாட்டி கையாலதான். சாம்பல் புதன் அன்னிக்கு கோயிலுக்குப் போய்ட்டு வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டாங்கன்னா பெரிய சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் கை ஓயாது, பேத்திங்களுக்கு வெள்ளை கவுன், பேரனுங்களுக்கு கை வைக்காத ஸ்வெட்டர், அது போக அவிச்ச முட்டைக்கு மாட்டுற குட்டிக் கம்பளித் தொப்பி ஆளுக்கு ஒரு கலர். காலைல பூசை முடிஞ்சு வந்ததும் அவங்கவங்க கலர் தொப்பி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடுறதுதான் பிள்ளைங்களுக்கு முதல் வேலை. நாங்க எல்லாம் அப்படி வளர்ந்தவங்க, இப்ப எங்க பிள்ளைங்களும் தேட ஆரம்பிச்சாச்சு.

இப்ப பாட்டிக்கு எண்பது தாண்டிருச்சு, விரல் மூட்டு எல்லாம் வீங்கி இருக்கு, கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு பார்வை பரவால்ல ஆனா முன்ன மாதிரி இல்ல. டாக்டர் வேலை செய்யக்கூடாதுன்னு சொல்லல, ரொம்ப நேரம் உட்காராதீங்கன்னு மட்டும் சொன்னார். "நான் சும்மா உட்கார்ந்தா தான் கை இன்னும் மடங்கிப் போகும்"னு பாட்டி சொல்றாங்க. அவங்ககிட்ட இருந்து இத வாங்கிட்டு நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு சொல்ல எனக்கு மனசே இல்ல.

நான் கேக்குறது மூணு விஷயம். கை வலிக்கு ஏத்த மாதிரி சின்னதா என்ன செய்யலாம், எந்த நூல், எந்த ஊசி? அவங்க பாதில விட்ட ஒரு ஸ்வெட்டர் இருக்கு, முதுகுப் பக்கம் முடிஞ்சு முன்பக்கம் பாதில நிக்குது, அத நான் எடுத்து முடிச்சா வித்தியாசம் தெரியுமா? அப்புறம் எங்க எல்லாரோட பழைய ஈஸ்டர் கவுனையும் ஒரு பெட்டி நிறைய வச்சிருக்காங்க, அத என்ன பண்ணலாம்? எனக்கு பின்னல்ல நிட் (நேர் கண்ணி), பர்ல் (எதிர்க் கண்ணி) ரெண்டும் தெரியும், மெஷின்ல நேர் தையல் போடுவேன், அவ்ளோதான்.

---

கொக்கியும் ஊசியும்:

முதல்ல, பாட்டி சொல்றது சரிதான், அவங்கள நிறுத்தாதீங்க. மாத்த வேண்டியது ஊசியையும் நூலையும் உட்காருற நேரத்தையும்தான்.

ஸ்டீல் ஊசி வச்சிருந்தா எடுத்து வச்சிடுங்க. மூங்கில் இல்ல மர ஊசி கனம் கம்மி, கைக்கு சில்லுன்னு இருக்காது, கண்ணியும் (ஊசில நிக்கிற நூல் வளையம்) வழுக்கி ஓடாது, அதனால இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்ல. அதவிட நல்லது நடுவுல வயர் வச்ச வட்ட ஊசி. நீட்டு ஊசில பின்னும்போது துணியோட மொத்த கனமும் மணிக்கட்டுலதான் தொங்கும், வட்ட ஊசில அது மடியில உட்கார்ந்துக்கும். நேர் துணி பின்னவும் அதையே வச்சுக்கலாம், கடைசி வரைக்கும் போய் திருப்பி அப்படியே வர வேண்டியதுதான். என் மாமியாருக்கு இத மாத்திக் கொடுத்த அப்புறம்தான் தோள் வலி குறைஞ்சுது.

நூல் விஷயத்துல, காட்டன் வேண்டாம். காட்டன்ல இழுவை கிடையாது, ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் விட்டுக் கொடுக்கணும். கம்பளி, இல்ல கம்பளி கலந்த நூல் கொஞ்சம் நீளும் சுருங்கும், கைக்கு இதம். குட்டிப் பிள்ளைங்களுக்குன்னா மெஷின்ல துவைக்கலாம்னு லேபிள்ல போட்ட கம்பளியா பாத்து வாங்குங்க, சாதா கம்பளிய சுடுதண்ணில போட்டு அலசினா சுருங்கி அட்டை மாதிரி ஆயிடும். நிறம் வெளிர் நிறமா இருக்கட்டும், நேவி ப்ளூ, கறுப்பு, பஞ்சு பஞ்சா நிக்கிற நூல் இதுல எல்லாம் கண்ணி எங்க இருக்குன்னே தெரியாது. அடர் நிறம்தான் வேணும்னு அடம் பிடிச்சா மடில ஒரு வெள்ளைத் துணி விரிச்சு வெளிச்சம் தோளுக்குப் பின்னாடி இருந்து விழுற மாதிரி உட்கார வைங்க.

உட்காருறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில கை நனைச்சு விரல மடக்கி விரிக்கட்டும். இருபது நிமிஷம் பின்னினா போதும், எந்திரிச்சு நடந்துட்டு வந்து வேணும்னா மறுபடி. வலி ராத்திரி வரைக்கும் தங்குச்சுன்னா அடுத்த நாள் விட்டுடணும், வீக்கம் கூடினா டாக்டர்கிட்ட காட்டணும்.

என்ன செய்யலாம்னா, சதுரத்துல இருந்து முயல். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, பாட்டி சதுரம் மட்டும் பின்னினா போதும், மிச்சத்த நீங்களும் பிள்ளைங்களும் செய்யலாம். 5 மி.மீ ஊசில 24 கண்ணி போட்டு எல்லா வரிசையும் நிட், பர்லே கிடையாது, 48 வரிசை முடிஞ்சதும் கண்ணிய மூடிடணும். எல்லாமே நிட்டா பின்னுற துணில வரிசை எண்ணிக்கை கண்ணிய விட ரெண்டு மடங்கு இருந்தா அது சதுரமா வந்துடும், அளவுகோலே வேண்டாம்.

அந்த சதுரத்த விரிச்சு வச்சு, கம்பளி ஊசில நீட்டு நூல் கோத்து, சரியா பாதி உயரத்துல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓட்டுத் தையல் போடுங்க. அங்க இருந்து மேல் ஓரத்தோட நடுவுக்கு சாய்வா ஏறி, மறுபடி சாய்வா இறங்கி ஆரம்பிச்ச இடத்துக்கு வந்துடுங்க, ஒரு முக்கோணம் கிடைக்கும். நூலோட ரெண்டு முனையையும் இழுத்தா முக்கோணம் சுருங்கி குழியாகும், அதுல பஞ்ச அடைச்சு நல்லா இறுக்கி முடிச்சு போட்டா அதான் தலை. மேல் மூலை ரெண்டும் தானாவே காதா நிமிர்ந்து நிக்கும். கீழ இருக்கிற பாதிய முதுகுல சேத்து தைச்சு, பஞ்சு வச்சு, அடிய சுருக்கி மூடி, ஒரு கம்பளி உருண்டைய வாலா வச்சுடுங்க. காது நிமிர்ற அந்த நிமிஷம் பிள்ளைங்க பக்கத்துல இருக்கட்டும்.

---

மெஷின் சத்தம்:

பெட்டி பத்தி நான் சொல்றேன், தையல்தான் என் பக்கம்.

தயவுசெஞ்சு எல்லாத்தையும் ஒரேடியா வெட்டிடாதீங்க. முதல்ல பாட்டிய பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுங்க, எது யாருக்கு எந்த வருஷம்னு அவங்க சொல்றத ஒரு துணி நாடால எழுதி உள்பக்கம் கைத்தையல்ல பிடிச்சு வைங்க. இன்னும் போட்டுக்கக் கூடிய நிலைல இருக்கிறத கொள்ளுப்பேத்திங்களுக்கு வைங்க. அக்குள் நைஞ்சது, கறை போகாதது, அதுங்கள மட்டும் வெட்டலாம்.

வெட்டுறதுல இருந்து ஈஸ்டர் மேசைக்கு நடு விரிப்பு தைக்கலாம். 5 இன்ச் சதுரமா வெட்டி கால் இன்ச் தையல் விட்டு சேத்தா ஒவ்வொண்ணும் நாலரை இன்ச்சா நிக்கும், மூணு வரிசை பன்னெண்டு கட்டம்னா 36 சதுரம், பதிமூணரைக்கு 54 இன்ச் விரிப்பு. நேர் தையல் தெரிஞ்சா போதும். எம்பிராய்டரி, ஸ்மாக்கிங் (துணியச் சுருக்கி மேல போடுற அலங்காரத் தையல்) இருக்கிற இடம் சதுரத்துக்கு நடுவுல வர்ற மாதிரி வெட்டுங்க, அதான் பாட்டி கை. துணி ரொம்ப மெலிஞ்சிருந்தா பின்னாடி இஸ்திரி போட்டா ஒட்டிக்கிற துணிய ஒட்டிட்டு அப்புறம் வெட்டுங்க. காட்டனையும் சாட்டினையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம இருந்தா நல்லது, துவைச்சா ஒண்ணு சுருங்கும் ஒண்ணு சுருங்காது.

புதுசா கவுன் தைக்கிறதா இருந்தா, பாவாடைப் பகுதில மடிப்பு வச்சு தைங்க. பழைய காலத்துல எல்லாரும் செஞ்சதுதான், உங்க பாட்டி கவுனத் திருப்பிப் பாருங்க கண்டிப்பா இருக்கும். ஒன்றரை செ.மீ ஆழத்துக்கு ஒரு மடிப்பு வச்சா அதுக்குள்ள 3 செ.மீ துணி ஒளிஞ்சிருக்கும், ரெண்டு மூணு மடிப்ப நீளத் தையல்ல போட்டு வச்சுட்டு அடுத்த ஈஸ்டருக்கு ஒண்ணப் பிரிச்சா கவுன் நீளமாயிடும். நாலு வயசுக்கு மேல பிள்ளைங்க வருஷத்துக்கு 5, 6 செ.மீ வளருவாங்க, அதனால ஒரு மடிப்பு ஒரு வருஷத்துக்கு ஓரளவு சரியா வரும். பிரிச்ச இடத்துல பழைய மடிப்புக் கோடு தெரியும், வெள்ளைலயே தெரியும், அதுக்கு மேல ஒரு லேஸ் இல்ல வளைவு நாடா ஓட்டிடுங்க, ஒவ்வொரு வருஷமும் ஒரு லேஸ் கூடிக்கிட்டே போகும், அழகா இருக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி துணிய ஒரு தடவ துவைச்சு காய வச்சுடுங்க, காட்டன் சுருங்குறது முதல் தண்ணிலயே நடந்துடட்டும்.

ஒண்ணு கூட சொல்லணும், ஈஸ்டருக்கு வெள்ளைங்கிறது சும்மா வந்ததில்ல. ஆதித் திருச்சபைல பாஸ்கா இரவுல (ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி) ஞானஸ்நானம் வாங்கினவங்க அந்த வாரம் முழுக்க வெள்ளை உடுப்பு போட்டிருப்பாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வெள்ளை உடுப்பு களையுற ஞாயிறுன்னே லத்தீன்ல பேர் இருந்துது. உங்க பாட்டி வெள்ளைய விடாம பிடிச்சிருக்கிறது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.

---

மூணாவது மாடி அம்மா:

முயலுக்கு பட்டன் கண்ணு, பிளாஸ்டிக் கண்ணு எதுவும் வைக்காதீங்க ப்ளீஸ், மூணு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கிற வீடுன்னா கண்ணு மூக்கு எல்லாம் நூல்லயே தைச்சுடுங்க. வால் உருண்டையையும் இழுத்துப் பாத்து இறுக்கிக் கட்டுங்க. கழுத்துல நீளமா ரிப்பன், கயிறு போட்ட ஸ்வெட்டரும் சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாம். ரெண்டு கலர் போட்டு பின்னினா உள்பக்கம் நீளமா நூல் ஓடும், அதுல கைக்குழந்தை விரல் மாட்டும், அதையும் பாத்துக்கோங்க.

---

ஊதா நூல்கண்டு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பெட்டிய திறந்தோம். கவுன்ல மடிப்பு இருக்கு, நான் இத்தன வருஷமா அத டிசைன்னு நினைச்சிட்டு இருந்தேன்! லேஸுக்கு பதிலா பாட்டி அந்தக் கோட்டு மேல சங்கிலித் தையல் போட்டிருக்காங்க. சதுரம் பின்ன ரெடின்னு சொல்லிட்டாங்க, முட்டைத் தொப்பியும் விடமாட்டாங்களாம், அதுக்கு அளவு அவங்களுக்கே மறந்து போச்சு, யாராவது சொல்லுங்க. ஸ்வெட்டர் கேள்வி இன்னும் நிக்குது. எப்ப ஆரம்பிக்கணும்ங்கிறதும் குழப்பமா இருக்கு, ஈஸ்டர் தேதி ஒவ்வொரு வருஷமும் மாறுது.

---

பால்கனி கிளி:

தேதிக்கு நான் சொல்றேன். மார்ச் 21-ஓ அதுக்கு அப்புறமோ வர்ற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர், சர்ச் கணக்குப் பௌர்ணமி, அதனால மார்ச் 22-ல இருந்து ஏப்ரல் 25-க்குள்ள எங்க வேணா விழலாம். 2026-ல ஏப்ரல் 5, 2027-ல மார்ச் 28, 2028-ல ஏப்ரல் 16. சாம்பல் புதன் அதுக்கு 46 நாள் முன்னாடி. தவக்காலம் 40 நாள்னு சொல்றது நடுவுல வர்ற ஞாயிறுகள விட்டுட்டு. 2027-ல சாம்பல் புதன் பிப்ரவரி 10-லயே வந்துடுது, பாட்டி அன்னிக்கு தான் ஆரம்பிப்பேன்னு சொன்னா சொல்லட்டும், அது அவங்க நேமம், ஆனா நூல் வாங்குறது, துணி துவைக்கிறது, அளவு எடுக்கிறது எல்லாத்தையும் நீங்க ஜனவரிலயே முடிச்சு வச்சிடுங்க. குருத்தோலை ஞாயிறுக்குள்ள பின்னல் எல்லாம் முடியட்டும், புனித வாரத்துல கோயிலுக்கும் போகணும் தையலும் கிடக்குன்னா பெரியவங்களுக்கு முடியாது.

---

கொக்கியும் ஊசியும்:

முட்டைத் தொப்பிக்கு: டிகே நூல் (நடுத்தர தடிமன் நூல், லேபிள்ல DK-னு போட்டிருக்கும்), 4 மி.மீ ஊசி, 32 கண்ணி, ரெண்டு நிட் ரெண்டு பர்ல் மாத்தி மாத்தி 5 செ.மீ பின்னுங்க. அப்புறம் ஒரு வரிசை முழுக்க ரெண்டு ரெண்டு கண்ணியா சேத்து எடுத்தா 16, திருப்பி இன்னொரு வரிசை அதே மாதிரி எடுத்தா 8, நூல வெட்டி அந்த எட்டுக்குள்ளயும் கோத்து இழுத்து மூடி பக்கவாட்டுல தைச்சா முடிஞ்சுது. அந்த நிட் பர்ல் வரி நீண்டு கொடுக்கும், சின்ன முட்டை பெரிய முட்டை ரெண்டுக்கும் உட்காரும்.

ஸ்வெட்டருக்கு வர்றேன். வித்தியாசம் தெரியும். ஒவ்வொருத்தர் கையும் நூல ஒவ்வொரு மாதிரி இழுக்கும், ஒரே ஊசி ஒரே நூல் வச்சாலும் ரெண்டு பேர் பின்னினது ரெண்டு அளவுல வரும். அதனால முதல்ல பாட்டி முடிச்ச முதுகுப் பக்கத்துல, ஓரத்த விட்டுட்டு நடுவுல, 10 செ.மீ-க்கு எத்தன கண்ணி எத்தன வரிசைன்னு எண்ணுங்க. டிகே நூலுன்னா கிட்டத்தட்ட 22 கண்ணி இருக்கும், ஆனா பாட்டி கணக்குதான் முக்கியம், லேபிள் கணக்கு இல்ல. அதே நூல்ல நீங்க ஒரு துண்டு பின்னி எண்ணிப் பாருங்க. உங்களுக்கு கண்ணி கூட வந்தா உங்க கை இறுக்கம், ஒரு சைஸ் பெரிய ஊசி எடுங்க, கம்மியா வந்தா சின்ன ஊசி.

இன்னொண்ணு, ஊசில தொங்குற கண்ணியப் பாருங்க, ஒவ்வொரு கண்ணிக்கும் ரெண்டு கால் இருக்கும், பாட்டிக்கு எந்தக் கால் ஊசிக்கு முன்னாடி நிக்குது, உங்களுக்கு எது நிக்குதுன்னு. அது மாறி இருந்தா உங்க கண்ணி முறுக்கிக்கும், அளவு சரியா வந்தாலும் பாக்க வேற துணி மாதிரி தெரியும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வேற நிறத்துல வழவழன்னு ஒரு தையல் நூல எடுத்து ஊசில இருக்கிற எல்லாக் கண்ணிக்குள்ளயும் கோத்து அப்படியே விட்டுடுங்க. நீங்க பின்னினது பிடிக்கலன்னா அந்த நூல் வரைக்கும் பிரிக்கலாம், பாட்டி பின்னினதுல ஒரு கண்ணி கூட அவிழாது. நூல் கண்டு தீந்து புதுசு வாங்கினா லேபிள்ல சாய லாட் நம்பர் (ஒரே தடவைல சாயம் போட்ட நூலுக்குக் கொடுக்கிற நம்பர்) பாருங்க, அதே லாட் கிடைக்கலன்னா பழைய கண்டுல ரெண்டு வரிசை புதுக் கண்டுல ரெண்டு வரிசைன்னு கொஞ்ச தூரம் மாத்தி மாத்தி பின்னினா நிற வித்தியாசம் கரைஞ்சிடும்.

ஆனா என்ன கேட்டா, நீங்க முன்பக்கத்துல கை வைக்கவே வேண்டாம். மிச்சம் பாதி முன்பக்கம் பாட்டியே மெதுவா பின்னட்டும், தனித்தனியா வர்ற கழுத்துப் பட்டி, கைத்துளை பட்டி இதெல்லாம் நீங்க எடுத்துக்கோங்க. பட்டிக்கு எப்பவுமே சின்ன ஊசிதான், பின்னல் வகையும் வேற, அங்க கை மாறினது யாருக்கும் தெரியாது. அப்படியும் அவங்களால முடியலன்னா நின்ன இடத்துல வெள்ளைல ஒரு கோடு நாலு வரிசைக்கு போட்டு அங்க இருந்து நீங்க ஆரம்பிங்க, கண்ணு அந்தக் கோட்டதான் பாக்கும். எல்லாம் முடிஞ்சு தைக்கிறதுக்கு முன்னாடி கம்பளின்னா நனைச்சு துவாலைல சுருட்டி ஒத்தி எடுத்து அளவுக்கு இழுத்து குண்டூசி குத்தி காய வைங்க, சின்னச் சின்ன ஏத்த இறக்கம் அதுல சமமாயிடும். அக்ரிலிக்னா இஸ்திரிப் பெட்டிய பக்கத்துல கொண்டு போகாதீங்க.