வேலையிலேயே கற்பனை வற்றிப்போன நாட்கள்: உங்களுக்கு எப்படித் திரும்பி வந்தது?

நூல்கண்டு:

போன தையிலிருந்து ஆனி வரைக்கும் எனக்குப் புதிதாக ஒரு டிசைன்கூட வரவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு கிராஃப், அதாவது நெசவுக்கான கட்டம் போட்ட டிசைன் வரைபடம், போடுகிறேன், பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. கல்யாண சீசன் என்று முதலாளி வாரத்துக்கு மூன்று கேட்டார், நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மயில்கண், ருத்திராட்சம், கோபுரக் கரை, அன்னம் என்று இருப்பதையே இடம் மாற்றி, அளவு மாற்றி, திருப்பிப் போட்டு. கடையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, விற்கவும் செய்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு நெய்யும் பெரியவர் ஒருவர். டிசைனைத் தறிக்குச் சொல்கிற துளை போட்ட அட்டை சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். நான் குனிந்து கரையைப் பார்க்கும்போது, தறியை நிறுத்தாமலே, "ஏம்மா, இது போன வருசம் நீ குடுத்த அன்னந்தானே? திருப்பி வச்சிருக்கே" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு சேலைக்குப் பதினைந்து இருபது நாள் அந்தக் கரைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்றைக்கு அவர் சம்சாரத்துக்குக் காய்ச்சல். கரையையும் உடலையும் தனித்தனி நூலால் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலை அது, ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வாங்கிப் போட ஆள் வேண்டும். எங்கள் வீடும் தறிவீடுதான், சின்ன வயதில் அம்மாவுக்கு நாடா போட்டிருக்கிறேன், அதனால் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் போனேன். கம்ப்யூட்டர் திரையில் பத்து நிமிடத்தில் நான் வரைந்த அன்னத்தின் கழுத்து அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வளர்ந்தது. ஒரு அன்னத்துக்கும் அடுத்த அன்னத்துக்கும் நடுவில் வெறும் பட்டு வருகிற இடம் இருக்கிறதே, அங்கே வரும்போதெல்லாம் கண்ணுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தாழம்பூ ரேக்கு என்கிற கூர்முனை வரிசை மட்டும் வைத்து, மற்றதெல்லாம் வெறுமையாக விட்டு ஒரு கரை போட்டேன். ஆறு மாதத்தில் நானே போட்டது அது ஒன்றுதான்.

வசனம் எழுதுகிறவன்:

அக்கா, படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. நான் மெகா சீரியலுக்கு எழுதுகிறேன், வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு, எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு கட்டத்தில் மாமியார் பேசினாலும் மருமகள் பேசினாலும் ஒரே ஆள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போது ஒரு நாள் ஷூட்டிங் ஸ்பாட்டில் இருந்தேன். மகள் வீட்டை விட்டுப் போகிற காட்சி, அம்மாவுக்கு முக்கால் பக்க வசனம். அந்த நடிகை காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறார், களைப்பு. "சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன்…" என்றவர் அடுத்த வரி மறந்து அப்படியே மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இயக்குநர் கட் சொல்லவில்லை. லைட் பிடித்திருந்த பையன் அழுதுவிட்டான். மீதி முக்கால் பக்கமும் தேவைப்படவே இல்லை. அன்று ராத்திரி பேப்பரை எடுத்து வேண்டாத வரிகளை அடித்து நீக்க ஆரம்பித்தேன், நீக்க நீக்கத்தான் எழுத வந்தது.

ஆடித்தள்ளுபடி:

நூல்கண்டு சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேலை நடக்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்தால் சரியாகும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. பதினொரு வருடம் ஜவுளிக்கடை விளம்பரம் எழுதியவன் நான். ஆடி, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை, மறுபடி ஆடி. கடைசியில் கம்ப்யூட்டரைத் திறந்தாலே வயிற்றைப் பிரட்டியது, பதினைந்து நாள் ஏற்காட்டில் போய்த் தங்கியும் அது போகவில்லை.

சரி, இப்போது இதில் மாட்டியிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. மூளை காலியாகிவிட்டது என்று நாம் நினைப்பது சில சமயம் உடம்புச் சோர்வாகவே இருக்கும். அப்புறம் தூக்கம், இதில் சமரசமே கூடாது. மூன்றாவது, காசு வராத ஒன்றைக் கையால் செய்யுங்கள். நான் அம்மாவிடம் கோலம் கற்றுக்கொண்டேன், புள்ளி வைத்துச் சிக்குக் கோலம். ஆரம்பித்த இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும், அதற்கு யாரிடமும் அப்ரூவல் வாங்க வேண்டியதில்லை, மத்தியானத்துக்குள் கால்பட்டு அழிந்துவிடும். தினமும் ஒன்று, நாற்பது நாளாவது போடுங்கள். அதுவரை வேலையில் பழையதையே திருப்பிக் கொடுங்கள், தப்பே இல்லை, சம்பளம் முக்கியம். மேலாளரிடம் "ஐடியா வரவில்லை" என்று சொல்லாதீர்கள், "இன்னும் இரண்டு நாள் வேண்டும்" என்று கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நெல்லை போட்டோ:

ஆடித்தள்ளுபடி அண்ணாச்சி, பழையதையே திருப்பிக் கொடுப்பதில் தப்பில்லை என்கிறீர்கள். அக்காவுக்கு உறுத்தியதே அதுதானே? நான் எடுக்கிற கல்யாண போட்டோவில் அப்படிச் செய்ய முடியாது, அவர்களுக்கு அது ஒரே ஒரு நாள். போன ஆவணியில் முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடி, மாப்பிள்ளை பெண்ணின் முகமே எனக்குத் தெரியாமல் போனது, போஸ் மட்டும்தான் தெரிந்தது. ஒரு மண்டபத்தில் பெண்ணோட ஆச்சி என் கையைப் பிடித்து, "ஐயா, சாப்டியா?" என்று கேட்டாள். மணி நாலு. நான் சாப்பிடவில்லை. பந்தியில் உட்கார வைத்து அவளே ரசம் ஊற்றினாள். அந்தக் கையைப் படம் எடுத்தேன், செல்போனில்தான், காமிராவை மேலேயே வைத்துவிட்டேன். அந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னது நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

அக்கா, புதுக் கரையை அந்தப் பெரியவரிடம் காட்டினீர்களா?

நூல்கண்டு:

காட்டினேன் தம்பி. முதலாளி "மொட்டையா இருக்கே" என்று ஒதுக்கி வைத்திருந்தார், ஒரே ஒரு சேலை போட்டுப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சேலை உடலுக்கு அரக்குக் கலர் வேணாம், மாம்பழக் கலர் போடு" என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றுகிறார்கள். அவர் சம்சாரத்துக்கு இப்போது உடம்பு தேவலை, ஆனாலும் எதிர்ப்பக்கம் நாடா போட நான்தான் போகிறேன்.