2014இல் முந்தியது யார்?

முதலியார்பேட்டை மில்காரர் மகன்:
"2014ஆம் ஆண்டிலேயே சீனா பொருளாதாரத்தில் அமெரிக்காவை முந்திவிட்டது; மேற்கின் காலம் முடிந்தது" என்று மஞ்சக்குப்பத்து நண்பர் நேற்று எழுதியதையும், அதற்குப் பலர் கைதட்டியதையும் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. 2014இல் முந்தியது வாங்கும் திறன் கணக்கில் மட்டுமே. பெய்ஜிங்கில் முடிவெட்ட ஆகும் கூலியையும் நியூயார்க்கில் ஆகும் கூலியையும் சமன்படுத்திப் போடும் கணக்கு அது. அதைக் காட்டி வளைகுடாவில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய்கூட வாங்க முடியாது. சந்தை மாற்று விகிதப்படி 2024இல் அமெரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறக்குறைய 29 லட்சம் கோடி டாலர். சீனாவுடையது 19 லட்சம் கோடியைத் தொடவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
அந்தக் கணக்கை நான் வீட்டில் உட்கார்ந்து போடவில்லை ஐயா, பன்னாட்டு நிதியம் போட்டது. உலகில் உருக்கப்படும் எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் உருக்கப்படுகிறது. எஃகு முடிவெட்டும் கூலி அல்ல. 2014இல் முந்தியது முந்தியதுதான். 2022இல் இந்தியாவும் பிரிட்டனை முந்தி ஐந்தாம் இடத்துக்கு வந்தது. நம்மை ஆண்டவனை நாம் முந்தினோம் என்று சொன்னால் உங்களுக்கு ஏன் கசக்கிறது?

முதலியார்பேட்டை மில்காரர் மகன்:
சீனாவை அளக்கும்போது வாங்கும் திறன், இந்தியாவை அளக்கும்போது சந்தை விகிதம். ஒருவருக்குப் படி, இன்னொருவருக்கு மரக்கால் என்று அளந்தால் அது கணக்காகாது. பிரிட்டனில் ஒரு தலைக்கு வரும் வருமானம் இன்றும் நம்முடையதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. யார் எழுகிறார்கள் என்பதை நான் குளத்தங்கரையில் பார்த்தேன். கிள்ளைப் பக்கம் என் மைத்துனர் இறால் வளர்க்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, வலையில் ஏறிய இறாலைக் கூடையில் கொட்டி 40 கவுன்ட் (கிலோவுக்கு 40 இறால்) என்று எண்ணிப் பார்த்த வியாபாரி, முந்தைய வாரம் தானே சொன்ன விலையைச் சொல்லத் தயாராக இல்லை. தீவனமும் மின்கட்டணமும் அதேதான். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து கிள்ளையில் கிலோவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்தது. வீழ்ந்துவிட்டதாக நீங்கள் சொல்லும் நாட்டின் கை அது.

பரங்கிப்பேட்டை ஆசிரியை:
அண்ணா, அளவில் முந்துவதற்கும் ஆதிக்கம் கைமாறுவதற்கும் இடையே நீண்ட காலம் இருக்கிறது என்பதை இருவரும் விட்டுவிடுகிறீர்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்கா பிரிட்டனை உற்பத்தியில் முந்திவிட்டது. ஆனாலும் இரண்டாம் உலகப்போர் வரை பவுண்டு தாக்குப்பிடித்தது. 1956இல் சூயஸில் படை இறக்கிய பிரிட்டன், அமெரிக்கா பண நெருக்கடி கொடுத்ததும் திரும்ப நேர்ந்தபோதுதான் ஆதிக்கம் கைமாறியதை ஊர் அறிந்தது. மைய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 1999இல் 71 விழுக்காடாக இருந்த டாலரின் பங்கு 2024 முடிவில் 58 அளவுக்கு இறங்கியிருந்தது.

மஞ்சக்குப்பத்தான்:
டீச்சர் சொல்வது என் கட்சிக்குத்தான் வலு. சரிவு 2014இல் தெரிந்துவிட்டது.

முதலியார்பேட்டை மில்காரர் மகன்:
இல்லை. 58 என்பது இன்னமும் பாதிக்கு மேல். மேலும், சரக்கு செய்பவன் வேறு, லாபத்தைக் கட்டிக்கொண்டு போகிறவன் வேறு. இதைப் புதுச்சேரிக்காரனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். 'கினி' என்ற நீலத்துணி 19ஆம் நூற்றாண்டில் இங்கே நெய்து, அவுரியில் முக்கி, பளபளப்பேற்றிக் கப்பலேறியது. செனகல் ஆற்றங்கரையில் அது துணியாக மட்டும் இருக்கவில்லை, காசாகவே செலாவணி ஆனது; அதைக் கொடுத்துப் பிரெஞ்சு வணிகர்கள் வேலம்பிசின் வாங்கினார்கள். எங்கள் துணி ஓர் ஆப்பிரிக்க ஆற்றில் நாணயமாக இருந்தபோதும் பணம் குவிந்தது போர்தோ நகரத்தில். உற்பத்தியைக் காட்டி "எழுந்துவிட்டோம்" என்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மஞ்சக்குப்பத்தான்:
எல்லாவற்றையும் புதுச்சேரிக்கே எழுதிக்கொள்வது உங்கள் பழைய வழக்கம். சோழமண்டலக் கரை முழுவதும் நெசவாளர்கள் இருந்தார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த பிறகு, எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் முட்டி மோதியும் அதைப் பிடிக்க முடியவில்லை.

முதலியார்பேட்டை மில்காரர் மகன்:
1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்ததை ஏன் விட்டீர்கள்? அந்தக் கோட்டை உங்களுடையதும் அல்ல, இந்த நகரம் அன்று எங்களுடையதும் அல்ல. இரண்டு கம்பெனிகளின் சண்டையில் நமக்கு என்ன பெருமை? எங்களுக்குப் பெருமை 1936 ஜூலை 30. அன்று சவானா மில் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள்; அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. சங்கு ஊதியதும் சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்த ஊர் இது. சங்கு நின்றுபோன ஊரில் இருந்துகொண்டுதான் கேட்கிறேன்: எழுகிற நாட்டில் எழுவது யார்?

மஞ்சக்குப்பத்தான்:
மில்கள் மூடியதற்குக் காரணம் யார் என்று பேசத் தொடங்கினால் உங்கள் சங்கங்களையும் பேச வேண்டிவரும். போன ஆண்டும் இதே இடத்துக்கு வந்து, பதில் சொல்லாமல் போனீர்கள்.

முதலியார்பேட்டை மில்காரர் மகன்:
போனது அப்பாவின் காரியத்துக்காக. அது உங்களுக்குத் தெரியும், தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். பழைய எந்திரத்தை மாற்றக் காசு போடாத முதலாளியை விட்டுவிட்டு, அதை ஓட்டியவனைக் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பரங்கிப்பேட்டை ஆசிரியை:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். எங்கள் ஊரில் 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய இரும்பாலை சேலத்துக் கனிமத்தை உருக்கியது. அடுப்புக்குக் கரியும், தொழிலில் போட முதலும் போதாமல் நொடித்தது. முதல் யாரிடம், எரிபொருள் யாரிடம் என்று பார்க்காமல் ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு...

மஞ்சக்குப்பத்தான்:
டீச்சர், ஆண்டை முதலில் பிடித்தவர் அவர். பன்னாட்டு நிதியத்தின் அட்டவணையில் 2014க்கு நேரே எந்த நாடு முதலில் இருக்கிறது என்று அவர் சொல்லட்டும், பிறகு இரும்பாலையைப் பேசலாம்.

முதலியார்பேட்டை மில்காரர் மகன்:
எந்த அட்டவணை என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். நிதியத்திடம் இரண்டு இருக்கின்றன.